முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த பாதி
ஒரு வீட்டின் பழைய படங்கள், பாத்திரங்கள், மொய் நோட்டு: நிகழ்வு ஆய்வு

2023 சித்திரையில் எங்கள் ஊர் ஓட்டு வீட்டை இடிப்பதென்று முடிவானது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் உள்ள கிராமம், தென்பெண்ணை ஆறு நடக்கிற தூரம். 2009-ல் ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, இறந்த பிறகு அந்த வீட்டில் யாரும் குடியில்லை. சித்தப்பா ஆள் பேசிவிட்டார். ஓடும் உத்திரமும் ஒருவருக்கு, பித்தளைச் சாமான்கள் எடைக்கு இன்னொருவருக்கு. எனக்கு ஒரு வாரம் கெடு கொடுத்தார். "வேணுங்கிறத எடுத்துக்கடா, அப்புறம் அழாத" என்றார்.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். தொல்லியலோ ஆவணக் காப்போ படித்ததில்லை. இதை எழுத ஒரு காரணம் உண்டு. பழைய போட்டோவை எப்படிக் காப்பாற்றுவது என்று யாரைக் கேட்டாலும் "ஸ்கேன் பண்ணி வச்சிடு" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் ஸ்கேன் செய்தது கடைசி வேலை. அதை மட்டும் செய்திருந்தால் பெயர் தெரியாத முகங்கள் கோப்புகளாகக் கணினியில் கிடந்திருக்கும், அவ்வளவுதான்.

கையில் கிடைத்தவை

பரணில் ஒரு டிரங்குப் பெட்டி. அதில் சுமார் 140 படங்கள், ஒரு நீள நோட்டு, இரண்டு கிரயப் பத்திரங்கள், பழைய ரேஷன் அட்டைகள், அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். சுவரில் சட்டம் போட்ட எட்டுப் படங்கள். அடுப்படி மூலையில், எடைக்குப் போகக் காத்திருந்த பித்தளைக் குவியல்.

பரண் என்றால் ஓட்டுக்கு நேர் கீழே. எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் அங்கே கையை வைக்க முடியாது. மழைக்காலத்தில் அதே இடம் ஓதம் காக்கும். படத்துக்கு வெப்பம் மட்டுமல்ல, இந்த ஏற்ற இறக்கமும் கெடுதல்தான். கருப்பு வெள்ளைப் படத்தில் உருவம் இருப்பது ஜெலட்டின் படலத்துக்குள். ஈரம் பட்டால் அது உப்பிப் பசையாகும், காய்ந்தால் சுருங்கும், தாளையும் சேர்த்து இழுத்துச் சுருட்டும். பெட்டியின் அடியில் இருந்த பத்துப் பன்னிரண்டு படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. அவற்றைப் பிரிக்கவில்லை, இன்னும் அப்படியேதான் வைத்திருக்கிறேன். அந்தப் பொறுமை எனக்கு எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், 1940-களின் படங்கள் ஓரளவு நன்றாக இருந்தன. 1980-களின் கலர் படங்கள்தான் நாசமாகியிருந்தன. அந்தக் காலக் கலர் தாளில் நீலச்சாயம் முதலில் மங்கும். அதனால் சித்தப்பாவின் கல்யாணத்தில் எல்லோரும் செங்கல் சூளையில் நிற்பதுபோல் சிவந்திருக்கிறார்கள். போதாததற்கு அந்த ஆல்பம் பசைத்தாள் மேல் படத்தை வைத்து பிளாஸ்டிக் உறையால் மூடுகிற ரகம். நாற்பது வருஷத்தில் பசை மஞ்சளாகிப் படத்தின் முதுகில் ஊறிவிட்டது. நெகட்டிவ் உறைகளில் ஒன்றைத் திறந்ததும் புளித்த காடி வாசனை அடித்தது. அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கினால் அந்த வாசனைதான் வரும். பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் அது கெடுக்கும் என்பதால் உடனே தனியே எடுத்து வைத்தேன்.

தாத்தா படத்தின் ஓரம்

கூடத்துச் சுவரில் தாத்தாவின் பெரிய படம். அவர் 1978-ல் இறந்தபோது போட்டது. மார்பளவு, கோட்டு, காதில் கடுக்கன், இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. சந்தனமும் குங்குமமும் கண்ணாடி மேல்தான் வைப்பார்கள், அதனால் படத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேன். வருஷக்கணக்கில் அந்த ஈரம் வழிந்து சட்டத்தின் அடி இடுக்கில் இறங்கியிருக்கிறது. படத்தின் கீழ்ப்பகுதி முழுக்க அலை அலையாகக் கறை.

படத்தைக் கீழே இறக்கி வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் கவனித்தேன். தாத்தாவின் வலது தோளுக்குப் பக்கத்தில் பின்னணியைத் தூரிகையால் பூசியிருந்தார்கள். பூச்சுக்கு அடியில் ஒரு சேலையின் கரை மெல்லியதாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் இது சகஜம். தனியாகப் படம் எடுத்துக்கொள்ளாத ஒருவர் செத்துப்போனால், குரூப் போட்டோவிலிருந்து அவரை மட்டும் பெரிதாக்கி, பக்கத்தில் இருப்பவரைப் பூசி அழித்துவிடுவார்கள். ஆயாவோடு எடுத்த படத்திலிருந்து எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டியில் ஒரு பழுப்பு உறைக்குள் அந்த மூலப்படமும் கிடைத்தது. ஆனால் பாதிதான். கத்தரியால் நேராக வெட்டாமல் கொஞ்சம் நெளிந்து வெட்டியிருந்தார்கள். நல்ல கெட்டி அட்டையில் ஒட்டிய படம். கருமையான இடங்களில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளி மினுக்கு. கோட்டின் மடிப்பெல்லாம் கண்ணாடி போல் பளபளத்தது. படத்திலிருக்கும் வெள்ளியே காலப்போக்கில் மேலே வந்து படிவதால் வரும் மினுக்கு இது. துடைத்தால் படமே போய்விடும். அட்டையின் அடியில் ஸ்டுடியோவின் அழுத்த முத்திரை, ஆங்கில எழுத்தில். ஊர்ப்பெயர் 'ராபர்ட்' என்பதோடு வெட்டுப்பட்டிருந்தது.

ராபர்ட்சன்பேட்டை. கோலார் தங்கவயலில் இருக்கிற ஊர். அந்தச் சுரங்கங்களுக்குச் சேலம், வட ஆற்காடு, சித்தூர் ஜில்லாக்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். இன்றைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் ஜில்லா. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். தாத்தா "கே.ஜி.எஃப்.ல கொஞ்ச நாள் இருந்தாரு" என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கடைசிவரை அவருக்கு இருந்த மூச்சு இளைப்புக்கு அதுதான் காரணம் என்பார்கள். 2001 பிப்ரவரியில் அந்தச் சுரங்கங்களை மூடியபோது செய்தித்தாளைப் பார்த்து ஆயா ஏதோ முணுமுணுத்தது எனக்கு நினைவிருக்கிறது. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

நான் செய்த தப்பு

பூஜை அலமாரிக்கு மேலே ஒரு பழைய முருகன் படம். லித்தோ அச்சு, மரச்சட்டம். பின்பக்க அட்டையைக் கரையான் அரித்திருந்தது. புதுச் சட்டம் போடலாம் என்று ஆணிகளை நெம்பினேன். சட்டத்தைச் சுற்றிக் கடைக்காரர் அடித்த பொடி ஆணிகள் வரிசையாக இருந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் அவை இல்லை. அங்கே வீட்டில் கிடந்த பெரிய ஆணிகள் இரண்டைக் கோணல் மாணலாக அடித்திருந்தார்கள்.

அட்டையைத் தூக்கினால் உள்ளே சின்னதாய் ஒரு மஞ்சள் துணி. துணிக்குக் கீழே கெட்டி அட்டை ஒன்று, முகம் முருகன் பக்கம் திரும்பியபடி, அச்சுத்தாளின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அட்டையின் ஒரு ஓரம் நெளிந்து வெட்டப்பட்டிருந்தது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரியும். தொடாமல், இரண்டையும் சேர்த்தே, காய்ந்த இடத்தில் தட்டையாக வைத்துவிட்டு, படப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். கண்ணாடியோடு ஒட்டிய படமென்றால் பிரிக்கவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட்டு மற்றதைப் பிறகு யோசிக்கலாம். ஆனால் ஆசை யாரை விட்டது? மூலையைப் பிடித்து இழுத்தேன். பாதிக்கு மேல் சுலபமாக வந்தது. கடைசியில் ஒரு சத்தம், காய்ந்த வாழைச்சருகு கிழிவது போல. படத்திலிருந்த பெண்ணின் இடது கை, மணிக்கட்டிலிருந்து விரல் வரை, முருகன் படத்தின் முதுகில் தங்கிவிட்டது. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. படத்தில் வெறும் வெள்ளைத் தாள். ஒட்டிய கட்டியை நான் பிரிக்காமல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

முகம் தப்பியது. இருபது வயதுகூட இருக்காது. மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி, கழுத்தை ஒட்டி அட்டிகை, கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் கீழே பார்க்கிறாள். அடியில் முத்திரையின் மிச்சம்: 'சன்பேட்'. தாத்தாவின் பாதியைப் பக்கத்தில் வைத்தேன். கத்தரியின் நெளிவு அப்படியே பொருந்தியது.

அது ஆயா இல்லை. ஆயாவின் படங்கள் எங்களிடம் வேண்டிய மட்டும் இருக்கின்றன. ஆயாவுக்கு ஒற்றை மூக்குத்திதான், முகவாயும் வேறு.

தவலையும் மொய் நோட்டும்

இந்த இடத்தில் பித்தளைக் குவியலுக்கு வர வேண்டும். சித்தப்பா மகள் ஒரு தவலையை எடைக்காரரிடமிருந்து திரும்ப வாங்கி வைத்திருந்தாள். காரணம் ஒன்றும் பெரிதில்லை, வாசலில் செடி வைக்கலாம் என்றுதான். கழுத்துக்கு உள்பக்கம் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருப்பதை அவள்தான் பார்த்தாள். வெளிப்பக்கத்திலும் இருந்திருக்கிறது, எத்தனையோ வருஷம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் அது வழுவழுப்பாகிவிட்டது. புளியின் அமிலம் களிம்பை எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் உலோகத்தையும் இம்மி அளவு கொண்டுபோகும். பெயர் வெட்டிய பாத்திரம் பளபளவென்று இருக்கிறதென்றால் கவலைப்பட வேண்டியதுதான்.

படிக்கிற வழி எளிது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குழிகள் நிழலாகத் தெரியும். இன்னொரு வழி, மெல்லிய தாளை வைத்து மென் பென்சிலால் தேய்ப்பது. கல்வெட்டுக்காரர்கள் ஈரத்தாளும் மையும் வைத்துப் படி எடுப்பதன் ஏழை வீட்டு வடிவம். எங்களுக்குக் கிடைத்த வரி: 'சர்வதாரி ௵ ஆனி ௴', அடுத்து 'மத்தூர்' என்ற ஊர்ப்பெயர், ஒரு முதலெழுத்து, அப்புறம் ஒரு பெண்ணின் பெயர். பெயரை இங்கே எழுதவில்லை, அப்பாவின் அக்காவான பெரியத்தை வேண்டாம் என்றார். ௵ வருஷத்தின் குறி, ௴ மாதத்தின் குறி. சித்தப்பா மகள் முதலில் அதை 'ரு' என்றும் 'மீ' என்றும் படித்துவிட்டு, "இது என்ன கெட்ட வார்த்தையாண்ணா?" என்றாள்.

தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். சர்வதாரி என்றால் 1888 ஆகலாம், 1948 ஆகலாம், 2008-ம் ஆகலாம். ஆகவே பாத்திரத்தை மட்டும் வைத்துத் தேதி சொல்ல முடியாது, பக்கத்தில் வேறொரு சாட்சி வேண்டும். 2008 இல்லை என்பது வெளிப்படை. 1888 என்றால் அது தாத்தாவின் பாட்டி காலம்.

அந்தச் சாட்சிதான் நீள நோட்டு. தாத்தாவின் கல்யாண மொய் நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, 'ஜய ௵ தை ௴'. தொகைகள் '1-4-0', '0-8-0' என்று ரூபாய், அணா, பை என்ற பழைய கணக்கில். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். ஆக அதற்கு முந்தைய ஜய வருஷத்துத் தை, அதாவது 1955-ன் தொடக்கம். அப்பா பிறந்தது 1957, அதுவும் ஒத்துப்போகிறது. ஆயாவின் கல்யாணம் 1955 என்றால் 1948-ல் தவலை கொண்டுவந்தது யார்?

மொய் நோட்டைப் போல ஒரு ஆவணம் நம் வீடுகளில் வேறு இல்லை என்பது என் கட்சி. பத்திரத்தில் நிலம் வைத்திருந்த ஆண்களின் பெயர் மட்டும் இருக்கும். ரேஷன் அட்டையில் ஒரே கூரைக்குள் இருப்பவர்கள். பிறப்பு இறப்புப் பதிவை நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக்கியதே 1969-ல்தான். அதற்கு முன்னால் ஒரு கிராமத்துப் பெண் பிறந்ததற்கும் இறந்ததற்கும் பல சமயம் தாளே கிடையாது. மொய் நோட்டு அப்படி இல்லை. எந்த ஊர், யார் வீடு, என்ன உறவு, எவ்வளவு நெருக்கம் எல்லாம் வரிசையாக இருக்கும், ஏனென்றால் திருப்பிச் செய்ய வேண்டுமே. எங்கள் பக்கத்தில் அதைக் கடன் பத்திரம் மாதிரி பத்திரப்படுத்துவார்கள். கணக்கு தீர்ந்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பதுதான் சோகம்.

அந்த நோட்டின் மூன்றாவது வரி: 'மத்தூர் மாமனார் வீடு, ரூ. 25'. மற்றவர்கள் எட்டணாவும் ஒண்ணேகால் ரூபாயும் எழுதிய கல்யாணத்தில் இருபத்தைந்து ரூபாய். ஆனால் ஆயாவின் பிறந்த ஊர் பர்கூர் பக்கம். தாத்தாவுக்கு மத்தூரில் எப்படி மாமனார் வீடு வந்தது?

சித்தப்பாவிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார். "தெரியும்டா. அத இப்ப எதுக்குப் பேசிக்கிட்டு" என்றார்.

அத்தை சொன்னது

பெரியத்தைக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. மத்தூரில் கொடுத்த வீட்டில்தான் இருக்கிறார். அத்தையை ஏன் அவ்வளவு தூரம் தாண்டி மத்தூரில் கொடுத்தார்கள் என்று எங்கள் தலைமுறையில் யாரும் யோசித்ததே இல்லை.

கேட்கப் போவதற்கு முன்னால் ஒரு பாடம் கற்றிருந்தேன். பெட்டியிலிருந்த குரூப் படங்களை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டு 'இது யார்' என்று கேட்டது வம்பாகிவிட்டது. முதலில் ஒருவர் "நம்ம பெரிய மாமா" என்றார், அடுத்த பத்துப் பேரும் ஆமாம் போட்டார்கள். தனித்தனியே கேட்டபோது நான்கு பேர் நான்கு பெயர் சொன்னார்கள். அதன் பிறகு குழுவில் கேட்பதை நிறுத்தினேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், படத்தின் பிரதியை மட்டும் காட்டி, மேலே டிரேசிங் தாள் வைத்துத் தலைகளைச் சுற்றிக் கோடு வரைந்து எண் போட்டு, அவர்கள் சொல்வதைப் போனில் ஒலிப்பதிவு செய்தேன். "இது யாரு" என்று மட்டும் கேட்டால் பெயரோடு நின்றுவிடும். "இந்தச் சேலை யாருது", "இது எந்த வீட்டுத் திண்ணை" என்று கேட்டால் கதை வரும். இரண்டு பேர் தனித்தனியே ஒரே பெயரைச் சொன்னால் மட்டும் உறுதி என்று குறித்தேன், மற்றதற்கெல்லாம் கேள்விக்குறி.

அத்தையிடம் முதலில் தவலையின் எழுத்தைப் பென்சிலில் தேய்த்து எடுத்த தாளைக் கொடுத்தேன். அவர் நாலாவது வகுப்பு வரை படித்தவர். விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். பெயர் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"தவலய எடைக்குப் போட்டுட்டானா உங்க சித்தப்பன்?"

"இல்லத்த. எங்கிட்டதான் இருக்கு."

"அது எங்கம்மா சீரு."

அத்தை சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன், ஒலிப்பதிவு ஒன்றரை மணி நேரம். தாத்தாவுக்கு முதல் கல்யாணம் 1948-ல். மனைவியைக் கோலாருக்குக் கூட்டிப்போனார். அத்தை பிறந்தது அங்கே, 1950-ல். மூன்று வருஷம் கழித்து அடுத்த பிரசவத்தில் தாயும் பிள்ளையும் தவறிவிட்டார்கள். தாத்தா சுரங்க வேலையை விட்டுவிட்டு, மூன்று வயதுப் பிள்ளையோடு மாரிக்குப்பத்தில் ரயிலேறி ஊருக்கு வந்துவிட்டார். அப்புறம்தான் ஆயா. "சின்னம்மான்னு நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. அம்மாதான்." மத்தூர்க்காரர்கள் ஆயாவைத் தங்கள் பெண்ணாகவே ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது கல்யாணத்துக்கு இருபத்தைந்து ரூபாய் மொய் எழுதியதும், பின்னால் அத்தையைத் தாய்மாமன் மகனுக்கே எடுத்ததும் அதனால்தான்.

"போட்டோ ஒண்ணு இருந்துதாம். அப்பா படம் பெரிசு பண்ணக் குடுத்தப்ப வெட்டிட்டாங்கன்னு சொன்னாங்க. அப்புறம் காணோம். நான் கேட்டதில்ல. கேட்டா அம்மாவுக்கு வருத்தமா இருக்கும்ல."

படத்தை நான் அன்றைக்குக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண் யார் என்று எனக்கு உறுதியாகாமல், எழுபது வருஷமாகத் தாயின் முகம் தெரியாதவரிடம் அதை நீட்ட மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு பாதிகளையும் எடுத்துக்கொண்டு போனேன். அத்தை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு உள்ளே கூப்பிட்டுத் தன் பேத்தியை வரச் சொல்லி, அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். ஒன்றும் சொல்லவில்லை.

ஆயாதான் வைத்தாரா?

சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. பிரேம் கடைக்காரன் பின்னால் முட்டுக்கொடுக்க எதையாவது வைப்பான், கைக்குக் கிடைத்த அட்டையை வைத்திருப்பான் என்றார். நியாயமான சந்தேகம்தான். பழைய சட்டங்களைப் பிரித்தால் காலண்டர் அட்டை, சினிமா நோட்டீஸ், யாரோ ஒருவரின் பாழான படம் எல்லாம் வரும். நானே இன்னொரு சட்டத்துக்குள் 1960-களின் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கண்டெடுத்தேன்.

ஆனாலும் என் கணக்கு வேறு. வீட்டு ஆணிகள் இரண்டு சொல்வது, கடையில் அடைத்த பிறகு யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள் என்பது. மஞ்சள் துணியைக் கடைக்காரர் வைக்க மாட்டார். படம் முன்பக்கம் பார்த்து இருந்தது. இதற்கெல்லாம் மேலே அத்தை ஒன்று சொன்னார்: "வெள்ளிக்கிழமையில அம்மா எல்லாப் படத்துக்கும் ஒரு பூ வைக்கும். முருகனுக்கு மட்டும் ரெண்டு. வள்ளி தெய்வானைக்குன்னு நெனச்சேன்." அந்தப் படத்தில் வள்ளியும் இல்லை, தெய்வானையும் இல்லை. தனி முருகன், மயில், வேல்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நாங்கள் எல்லோருமே கண்ணால் பார்த்து வளர்ந்தோம். எங்கள் வீட்டில் கல்யாணம் வைத்தால் முதலில் பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். மூங்கில் கூடையில் மஞ்சள் சேலை, வளையல், பூ, வெற்றிலை பாக்கு. சுமங்கலியாக இறந்த வீட்டுப் பெண்ணை இப்படிக் கும்பிடுவது வட மாவட்டங்களில் பல வீடுகளில் உண்டு. சின்ன வயதில் எனக்கு அது மாரியம்மன் மாதிரி ஏதோ ஒரு சாமி. முன்பு படைத்த சேலையை ஆயா எடுத்துக் கட்டிக்கொள்ளும். ஆயா கும்பிட்டது யாரை என்பது ஆயாவுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் பெயர் விட்டுப்போய்விட்டது. தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன் பெயரும், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதும் அவற்றில் வெட்டியிருக்கிறது. பிரசவத்தில் செத்த பெண்ணுக்குக் கிடைத்தது கூடையும் சேலையும். என்றாலும், 1953-ல் இறந்த ஒருத்தி 2009 வரை வாரம் தவறாமல் பூ வாங்கியிருக்கிறாள் என்றால் அது சின்ன விஷயமில்லை.

கடைசி வேலை

ஸ்கேன் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். படங்களை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), பாஸ்போர்ட் அளவு சின்னப் படங்களை 1200-ல், டிஃப் கோப்பாகச் சேமித்தோம். படத்தின் முதுகையும் ஸ்கேன் செய்தோம். தேதி, ஸ்டுடியோ முத்திரை, "மாமாவுக்கு அன்புடன்" எல்லாம் இருப்பது அங்கேதான். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். மூன்று பிரதிகள்: என்னிடம் ஒரு ஹார்டு டிஸ்க், அத்தை வீட்டில் ஒன்று, இணையத்தில் ஒன்று. முக்கியமான முப்பது படங்களைத் தாளிலும் அச்சுப்போட்டோம்.

மூலப் படங்களைப் பரணுக்குத் திருப்பி அனுப்பவில்லை. வெளிச்சுவரை ஒட்டாத ஒரு மர அலமாரியின் நடுத்தட்டு. ஒவ்வொன்றுக்கும் அமிலமில்லாத தாள் உறை. கிருஷ்ணகிரியில் கிடைக்கவில்லை, பெங்களூரிலிருந்து வாங்கினேன். பிளாஸ்டிக் உறை வேண்டுமென்றால் பாலியெஸ்டரோ பாலிபுரொப்பிலீனோதான். கடையில் கிடைக்கும் வாசனை அடிக்கிற பி.வி.சி. உறை வேண்டாம், அது நாளடைவில் படத்தை அரிக்கும். நாப்தலின் உருண்டையும் போடவில்லை. குறிப்பு எழுதினால் முதுகில் மென் பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் புடைத்துக்கொள்ளும்.

தாத்தாவின் படத்தைச் சரிசெய்ய டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தது தனிக் கூத்து. கம்ப்யூட்டரில் ஏதோ செயலியில் போட்டு, "எச்.டி. ஆக்கிட்டோம் சார்" என்று கொடுத்தார்கள். தோல் வெண்ணெய் போல, கண் நட்சத்திரம் போல. கடுக்கன் போயே போய்விட்டது. அத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தழும்பு எங்கடா? பாறை தெறிச்சு பட்டது அது. அது இல்லன்னா எங்கப்பாவே இல்ல" என்றார். அந்தச் செயலி இல்லாததை யூகித்து நிரப்புகிறது, இருப்பதையும் கறையென்று நினைத்துத் துடைக்கிறது. சுவரில் மாட்ட வேண்டுமானால் செய்துகொள்ளலாம், ஆனால் கோப்பின் பெயரிலேயே 'திருத்தியது' என்று எழுதிவிட வேண்டும். இன்னும் ஐம்பது வருஷம் கழித்துப் பார்ப்பவர்கள் அந்த நட்சத்திரக் கண்ணைத்தான் தாத்தாவின் கண் என்று நம்பப் போகிறார்கள். இரண்டு பாதிகளையும் கணினியில் சேர்த்தபோது காணாமல்போன கையை வரைந்து நிரப்பலாமா என்று சித்தப்பா மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். வெட்டின கோடும் தெரியட்டும், கை இருந்த வெள்ளையும் தெரியட்டும்.

போன தை மாதம் அவளுக்குக் கல்யாணம். முதல் நாள் பூவாடைக்காரிக்குக் கூடை வைத்தார்கள். எனக்கு ஒரு ஆசை, சேர்த்து அச்சடித்த படத்தைச் சின்னதாய்ச் சட்டம் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். கூடைக்கு முன்னால் வைக்கலாமா என்று கேட்டேன். அத்தை கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"புகை படும், ஈரம் படும்னு நீதானடா எங்களையெல்லாம் திட்டின. உள்ள வை. வந்து இந்தச் சேலைய மடிச்சுக் குடு."